பழைய கச்சேரிக்குள் வாசிகசாலையும் கடையும் வரலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் கண்டி வீதியால் சுண்டுக்குளிப் பக்கம் போய்வருகிறவர்களுக்குப் பழைய பூங்காவையும் அதை ஒட்டிப் போரில் சிதைந்து நிற்கும் பழைய கச்சேரியையும் (அரச நிர்வாக அலுவலகத்தையும்) தெரியும். அதை என்ன செய்யலாம் என்ற பேச்சு எழும்போதெல்லாம் சில கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றுக்கு என்னால் இயன்ற பதில்களை இங்கே தொகுத்திருக்கிறேன். கச்சேரியை உதாரணமாக வைத்துப் பேசினாலும், நகரத்தில் மிஞ்சியிருக்கும் மற்றப் பழைய அலுவலகக் கட்டடங்களுக்கும் இவற்றில் பெரும்பாலானவை பொருந்தும்.

பலபயன் கட்டடமாக மாற்றுவது என்றால் என்ன?

ஒரே வேலைக்காகக் கட்டப்பட்ட கட்டடத்தின் சுவர், தூண், படிக்கட்டு போன்றவற்றை அப்படியே காப்பாற்றிக்கொண்டு, உள்ளே பல வேலைகளுக்கு இடம் கொடுப்பது. கீழே கடைகளும் தேநீர்ச்சாலையும், ஒரு பக்கம் வாசிகசாலை, மேலே சிறு அலுவலகங்கள், முற்றத்தில் மாலை நிகழ்ச்சிகள் என்று வரலாம். காலையில் ஒருவர், மத்தியானம் இன்னொருவர், இரவில் வேறொருவர் என்று நாள் முழுக்க ஆட்கள் புழங்குவார்கள். ஒரே குத்தகைக்காரரை நம்பியிருக்கும் கட்டடம் அவர் போனதும் பூட்டப்பட்டுவிடும். பத்துப் பேர் இருந்தால் ஒருவர் போனாலும் விளக்கு எரியும்.

கச்சேரியை ஏன் முன்னுக்கு வைக்கிறீர்கள்?

வடக்கின் வாழ்க்கை முழுவதும் ஒரு காலத்தில் அதன் வழியாகத்தான் போனது. காணி, வரி, ஓய்வூதியம், பஞ்சகால நிவாரணம் என்று எல்லாவற்றுக்கும் சனம் அங்கேதான் வந்து காத்திருந்தது. 1829இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த பேர்சிவல் அக்லண்ட் டைக், 1867இல் இறக்கும்வரை ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் இந்த மாகாண நிர்வாகத்தோடு பிணைந்திருந்தவர். பழைய பூங்காவை உருவாக்கியவரும் அவர்தான். அவர் ஒரு காலனி அதிகாரி, உண்மைதான். ஆனால் அந்த விறாந்தைகளில் மனுவோடு நின்றவர்கள் எங்கள் பூட்டன் பூட்டிமார். அந்தக் கட்டடம் அவர்களுடையதும்தான்.

இன்னொரு காரணமும் உண்டு. நகரத்தில் அந்த வயதுக் கட்டடங்கள் அதிகம் மிஞ்சவில்லை. கோட்டைக்குள் 1706இல் ஒல்லாந்தர் கட்டிய சிலுவைத் தேவாலயம் 1990 முற்றுகையோடு போய்விட்டது. போனவை திரும்பி வரப்போவதில்லை. ஆகவே நிற்கிற ஒவ்வொரு சுவருக்கும் பெறுமதி கூடிவிட்டது.

இடித்துவிட்டு அதே தோற்றத்தில் புதிதாகக் கட்டினால் மலிவல்லவா?

மலிவு என்று உறுதியாகச் சொல்ல முடியாது. குடாநாட்டின் நிலம் சுண்ணக்கல். கருங்கற் சல்லி இங்கே கிடையாது, பெருநிலப்பரப்பிலிருந்து லொறியில் வர வேண்டும். மணலுக்கும் எப்போதும் தட்டுப்பாடுதான். நிற்கிற தடித்த சுவரை இடித்து, இடிபாட்டை அகற்றி, அதே கனவளவுக்குக் கல்லும் சீமெந்தும் கொண்டுவரும் செலவை முழுதாகக் கணக்குப் பார்க்கிறவர்கள் குறைவு.

அதைவிட, அந்தச் சுவர்களில் இருப்பது கையால் வெட்டிய கல்லும் கையால் அரைத்த சாந்தும். தோற்றத்தைப் பிரதியெடுக்கலாம். அந்த உழைப்பைப் பிரதியெடுக்க முடியாது.

இலங்கையில் இப்படிச் செய்து காட்டியிருக்கிறார்களா?

கொழும்பு கோட்டையிலுள்ள பழைய ஒல்லாந்தர் வைத்தியசாலை நல்ல உதாரணம். 1681 அளவிலேயே இருந்ததாக அறியப்படும் அந்தக் கட்டடம் பின்னர் பொலிஸ் நிலையமாகவும் இருந்தது. 1996 மத்திய வங்கிக் குண்டுவெடிப்பில் சேதமடைந்தது. 2011 டிசெம்பரில் உணவகங்களும் கடைகளுமாகத் திறந்தார்கள். முற்றங்கள், ஓட்டுக்கூரை, தடித்த சுவர், தீராந்தி எல்லாம் இருந்தபடியே இருக்கின்றன. முற்றத்துக்குள் யாரும் காசு கொடுக்காமல் நடந்து போகலாம். எனக்கு அதில் மிகவும் பிடித்த விஷயம் அதுதான்.

அலுவலகத்திலிருந்து மாறியது என்றால் சுதந்திர சதுக்கத்துக்கு அருகிலுள்ள வணிகத் தொகுதியைச் சொல்லலாம். 19ஆம் நூற்றாண்டில் மனநல வைத்தியசாலையாகக் கட்டப்பட்டு, பிறகு கணக்காய்வாளர் நாயகம் திணைக்களம் இயங்கிய அந்தக் கட்டடம் 2014இல் கடைத்தொகுதியாகத் திறக்கப்பட்டது. அழகாகச் செய்திருக்கிறார்கள். ஆனால் உள்ளே பெரும்பாலும் காசுள்ளவர்களுக்கான கடைகள். யாழ்ப்பாணம் அங்கேயிருந்து கைவேலையைக் கற்கட்டும், கடைகளின் தெரிவை அல்ல.

சிங்கப்பூரையும் பலர் கேட்கிறார்கள். 1928இல் திறந்த அங்குள்ள பொதுத் தபாலகக் கட்டடம் 2001இல் புல்லர்டன் ஹோட்டலாயிற்று. பழைய நகர மண்டபமும் உயர் நீதிமன்றமும் சேர்ந்து 2015இல் தேசிய ஓவியக்கூடமாயின. இரண்டு கட்டடங்களும் நன்றாகக் காப்பாற்றப்பட்டிருக்கின்றன. எங்கள் ஊருக்கு இரண்டாவது வழிதான் நெருக்கமானது என்பது என் எண்ணம்.

போரின் காயத்தை மூடி மறைத்துவிடுவீர்களா?

இந்தக் கேள்வியை யாரும் இலேசாகக் கேட்பதில்லை. 1981 மே 31 இரவு பொது நூலகம் எரிந்து ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பலான பிறகு, அந்தக் கட்டடத்தைத் திருத்தித் திறப்பதா, எரிந்தபடியே நினைவுச்சின்னமாக விடுவதா என்று இந்த ஊர் கசப்போடு விவாதித்திருக்கிறது. கடைசியில் திருத்தித் திறந்தார்கள். இன்று பிள்ளைகள் அங்கே படிக்கிறார்கள். அது நல்லது. ஆனால் எரிந்த சுவரைப் பார்க்க விரும்பும் ஒருவருக்கு அங்கே காட்ட எதுவும் இல்லை.

இரண்டுக்கும் இடம் கொடுக்க முடியும். உறுதியாக நிற்கும் பகுதிகளுக்குக் கூரை போட்டுப் பயன்படுத்தலாம். மிக மோசமாகச் சிதைந்த ஒரு பகுதியைக் கூரையில்லாமல், துப்பாக்கிச் சூடுபட்ட அடையாளங்களோடு, இனியும் இடிந்து விழாதபடி மட்டும் பலப்படுத்தி விடலாம். புதிதாகக் கட்டும் சுவர் பழைய சுவரைப்போல நடிக்கத் தேவையில்லை. கோடு எங்கே என்று பார்த்ததும் தெரிய வேண்டும். எது 19ஆம் நூற்றாண்டு, எது போர், எது இன்றைய வேலை என்று ஒரு பள்ளிப் பிள்ளை விரலால் தொட்டுக் காட்டக்கூடியதாக இருக்க வேண்டும்.

சீமெந்து பூசினால் என்ன? அது பலமானதுதானே?

பலம் என்பதுதான் இங்கே சிக்கல். யாழ்ப்பாணத்துப் பழைய சுவர்கள் முருகைக்கல், சுண்ணக்கல், சுண்ணாம்புச் சாந்து ஆகியவற்றால் ஆனவை. மூன்றுமே நீரை உறிஞ்சும், மூன்றுமே நீரை வெளியே விடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்த சுவர் தை, மாசியில் காய்ந்துவிடும். நிலத்திலிருந்து மேலேறும் ஈரமும் அப்படியே வெளியேறும். இந்தச் சுவர்களுக்கு நீர் புகாத் தடுப்பு அத்திவாரத்தில் கிடையாது. அவை உயிரோடு நிற்பது காய்வதால்தான்.

அதன்மேல் சீமெந்து பூசினால் ஈரம் உள்ளே அகப்பட்டுக்கொள்ளும். கடற்கரை ஊர் என்பதால் அந்த ஈரத்தில் உப்பும் இருக்கும். உப்பு பூச்சுக்குப் பின்னால் பளிங்காகி விரியும்போது கல்லின் முகத்தையே தள்ளிவிடும். சில ஆண்டுகளில் சீமெந்துப் பூச்சு பாளம் பாளமாக விழும். விழும்போது அதோடு ஒட்டிய கல்லும் வரும். மென்மையான கல்லுக்கு இடையில் கடினமான சீமெந்துச் சாந்தை வைத்தாலும் இதே கதைதான். சுவர் சற்று அசையும்போது விட்டுக்கொடுக்க வேண்டியது சாந்து. சாந்து விட்டுக்கொடுக்காவிட்டால் கல் வெடிக்கும். பழைய சுவருக்குள் கம்பி வைத்துக் கொங்கிறீற் போட்டால் இன்னொரு ஆபத்து: உப்பு கம்பிக்குப் போய்ச் சேர்ந்தால் அது துருப்பிடித்துப் பருத்துச் சுவரைப் பிளந்துவிடும்.

அப்படியானால் சுண்ணாம்பு வேலை எப்படிச் செய்வது?

பொறுமை வேண்டும். நன்றாகச் சுட்ட சுண்ணாம்பைத் தண்ணீரில் நீற்றி, தண்ணீருக்கு அடியிலேயே வாரக்கணக்கில் வைக்க வேண்டும். எவ்வளவு நாள் கிடக்கிறதோ அவ்வளவுக்கு வெண்ணெய்போலக் குழையும். பிறகு கழுவிய மணலோடு, பொதுவாக ஒன்றுக்கு மூன்று என்ற அளவில், சேர்த்து அரைக்க வேண்டும். கடற்கரை மணல் வேண்டாம், உப்பு இருக்கும். எங்கள் பக்கத்தில் பனங்கட்டித் தண்ணீரும் கடுக்காய்ச் சாறும் சேர்த்ததாக முதியவர்கள் சொல்வார்கள். அது தென்னிந்தியாவிலும் உள்ள பழைய வழக்கம்.

சுண்ணாம்பு இறுகுவது காற்றிலுள்ள கரியமில வாயுவை மீண்டும் உள்வாங்கித்தான். அதற்குக் காலம் எடுக்கும், கொஞ்சம் ஈரமும் வேண்டும். மாரிமழையில் பூசினால் கழுவுப்படும். சோளகக் காற்று அடிக்கும் மாதங்களில் பூசினால் இறுகுவதற்கு முன்பே உலர்ந்து தூளாகிவிடும், நனைத்த சாக்கைத் தொங்கவிட்டுக் காக்க வேண்டும். மாசி, பங்குனி நல்ல காலம். ஒப்பந்தக் காலத்தை எழுதுகிறவர்கள் இதைத் தெரிந்து எழுத வேண்டும். ஆறு மாதத்தில் திறப்புவிழா என்று நாள் குறித்தால் மேசன் சீமெந்து மூட்டையைத்தான் உடைப்பார். அவரில் பிழையில்லை.

சுண்ணாம்பு வேலை தெரிந்த கைகள் குறைந்துவிட்டன என்பது உண்மை. ஆனால் கச்சேரி அளவுக்குப் பெரிய ஒரு வேலையே அதைக் கற்றுக்கொடுக்கும் பட்டறையாகலாம். தொழிற்பயிற்சி பெறும் பிள்ளைகளை வேலைத்தளத்தில் வைத்துப் பழக்கினால், இந்த நகரத்திலுள்ள மற்றப் பழைய வீடுகளுக்கும் கோயில்களுக்கும் திருத்த ஆள் கிடைக்கும். இந்தத் திட்டத்தால் கிடைக்கக்கூடிய மிகப் பெரிய இலாபமாக நான் இதையே நினைக்கிறேன்.

கூரையை எதனால் போடுவது?

மரமும் ஓடும். முதிர்ந்த பனையின் வைரம் கறையானுக்கும் உப்புக்காற்றுக்கும் நன்றாகத் தாங்கும். பனை வெட்ட அனுமதி வேண்டும் என்பதை முன்கூட்டியே கணக்கில் எடுக்க வேண்டும். தகரக் கூரை வேண்டவே வேண்டாம், வெயிலிலும் மழைச் சத்தத்திலும் உள்ளே இருக்க முடியாது.

உள்ளே என்னதான் வைக்கலாம்?

எல்லோரும் ஆசையோடு கேட்கும் கேள்வி. என் பதில் கட்டடத்திலிருந்து தொடங்கும்: எந்த அறைக்கு எது பொருந்துகிறது என்று பாருங்கள், எதற்காகவும் அறையை வெட்டாதீர்கள்.

பழைய அலுவலகங்களில் நீண்ட விறாந்தை இருக்கும், வரிசையாக ஒரே அளவு அறைகள் இருக்கும், ஓரிரண்டு பெரிய மண்டபங்கள் இருக்கும், சாமான் அறையும் இருக்கும். வரிசை அறைகள் சிறு கடைகளுக்குக் கச்சிதம். பனையோலை வேலை, புத்தகம், தையல், சிற்றுண்டி என்று உள்ளூர் ஆட்கள் வாடகைக்கு எடுக்கக்கூடிய அளவு. விறாந்தை கதிரை போட்டு இருக்கும் இடம். பெரிய மண்டபம் வாசிகசாலைக்கோ காணி, நிர்வாகம் பற்றிய நிரந்தரக் கண்காட்சிக்கோ பொருந்தும். பதிவேடுகள் இருந்த வீட்டில் பழைய வரைபடங்களையும் காணி உறுதிகளின் பிரதிகளையும் பார்க்க வைப்பதைவிட இயல்பான வேறு பயன்பாடு எனக்குத் தோன்றவில்லை. தங்கள் ஊரின் பழைய பெயர்களைத் தேடி வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் எத்தனை பேர்!

சேர்க்கக் கூடாததையும் சொல்லிவிடுகிறேன். பெரிய அரங்கம் வேண்டாம். நூலகத்துக்கு அருகில் இந்திய உதவியில் கட்டிய பண்பாட்டு மையத்தில் 600 பேருக்கு மேல் இருக்கக்கூடிய மண்டபம் ஏற்கனவே உண்டு. ஐம்பது அறுபது பேர் உட்கார்ந்து ஒரு நூல் வெளியீட்டையோ ஒரு வீணைக் கச்சேரியையோ கேட்கக்கூடிய சின்ன இடம்தான் நகரத்துக்குத் தேவை. கடைத்தொகுதியும் வேறு இருக்கிறது. வைத்தியசாலை வீதியில் கிடைப்பதையே இங்கேயும் விற்பதற்கு ஒரு நூற்றாண்டுக் கட்டடம் தேவையில்லை.

அப்புறம் ஒரு நிபந்தனை. எதுவும் வாங்காமல் ஒருவர் உள்ளே வந்து, விறாந்தையில் இருந்து, தண்ணீர் குடித்து, மலசலகூடம் போய்விட்டுத் திரும்ப முடிய வேண்டும். அது பொதுச் சொத்தாக இருந்த கட்டடம். பொதுக் கதவு மூடப்படக் கூடாது.

முழுவதையும் ஒரு ஹோட்டலுக்குக் கொடுத்தால் காசு வருமே?

வரும். ஆனால் ஒவ்வொரு அறைக்கும் குளியலறை வேண்டும். நூறு இடத்தில் சுவரையும் தளத்தையும் துளைத்துக் குழாய் போட வேண்டும். பழைய சுவருக்கு நீர்க்கசிவைவிட மோசமான எதிரி இல்லை. அதோடு வாயிலில் காவலாளி நிற்பார், ஊர்ச்சனம் உள்ளே போகாது. ஒரு சிறு பகுதியில் சில தங்குமறைகள் என்றால் சரி. முழுவதும் வேண்டாம்.

மேல்மாடி இருந்தால் எவ்வளவு பாரம் தாங்கும்?

பொறியியலாளர் அளந்து சொல்ல வேண்டியது இது. ஆனால் பயன்பாட்டைத் தெரிவு செய்கிறவர்களும் ஓர் அடிப்படைக் கணக்கை மனதில் வைத்திருக்க வேண்டும். சாதாரண அலுவலகத் தளத்துக்குச் சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 250 கிலோ என்று வடிவமைப்பார்கள். சனம் நெருங்கி நிற்கும் மண்டபத்துக்கு அதன் இரண்டு மடங்கு, 500 கிலோ அளவு. இரண்டு மீற்றர் உயரத்துக்குப் புத்தகம் அடுக்கினாலும் கிட்டத்தட்ட அதே பாரம் வந்துவிடும். ஆகவே வாசிகசாலை கீழே, நிகழ்ச்சி கீழே. மேலே மேசை போட்டு வேலை செய்யும் சிறு அலுவலகங்கள், வகுப்புகள். மரத்தளமாக இருந்தால் நெருப்பையும் நினைக்க வேண்டும். சமையலறை மரத்தளத்திலும் அதன் அடியிலும் வரக் கூடாது. வெளியேற இரண்டாவது படிக்கட்டு வேண்டும். அதைப் பழைய சுவரை உடைக்காமல் வெளியே தனியாக இரும்பில் நிறுத்தலாம்.

ஏசி இல்லாமல் யார் வருவார்கள்?

உயர்ந்த முகடு, தடித்த சுவர், எதிரெதிர் யன்னல், ஆழமான விறாந்தை: இவை எல்லாம் ஏசி வருவதற்கு முன் இந்த வெயிலுக்கென்று யோசித்துச் செய்தவை. யன்னல்களைத் திறந்து மின்விசிறி போட்டாலே பெரும்பகுதி போதும். ஆவணம் வைக்கும் அறை போன்ற ஒன்றிரண்டுக்கு மட்டும் ஏசி வைக்கலாம். வெளிப்பெட்டிகளை முகப்பில் தொங்கவிடுவது மட்டும் வேண்டாம். ஓர் ஊரின் நல்ல கட்டடங்களைக் கெடுப்பது பெரும்பாலும் இதுவும் விளம்பரப் பலகையும்தான்.

தண்ணீர், கழிவு?

குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடும் ஆறு கிடையாது. நிலத்தடி நீர்தான் எங்கள் சேமிப்பு. சுண்ணக்கல்லின் வெடிப்பு வழியே கழிவு வெகுவிரைவில் கிணற்றுக்குப் போகும். யாழ்ப்பாணக் கிணறுகளில் நைத்திரேற்று கூடுவதற்கு உரத்தோடு மலக்குழிகளும் காரணம். நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கில் ஆட்கள் வரும் இடத்தில் சும்மா ஒரு குழி வெட்டி மூடி போட முடியாது. சுத்திகரிப்பு அலகு கட்டாயம். மலசலகூடங்களைப் பழைய சுவருக்குள் கொண்டுபோகாமல் பின்புறம் தனிக் கட்டடமாகக் கட்டுவது நல்லது. பெரிய ஓட்டுக்கூரை கிடைப்பதால் மழைநீரைப் பீலி வைத்துத் தொட்டிக்கு இறக்கலாம். மரங்களுக்கும் கழுவுவதற்கும் அது பெருமளவு உதவும்.

சக்கர நாற்காலியில் வருகிறவர்கள்?

இந்த ஊரில் போரில் கால் இழந்தவர்கள் எத்தனையோ பேர். அவர்கள் முன்வாசலால் வர முடியாத பொதுக் கட்டடம் இங்கே இருக்கக் கூடாது. பொதுக் கட்டடங்களை எல்லோரும் அணுகக்கூடியதாக அமைக்க வேண்டும் என்று 2006இலேயே நாட்டில் ஒழுங்குவிதிகள் வந்துவிட்டன. ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்ற சரிவில் சாய்தளம் போட்டால் போதும், அது பழைய படியை மூடாமல் பக்கத்தில் வரலாம்.

வாகனம் எங்கே நிறுத்துவது?

மரங்களுக்கு அடியில் கொங்கிறீற் போட்டு அல்ல. சைக்கிளுக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் வளவில் இடம், கார்களுக்கு வெளியே ஓர் இடம்.

யாருடைய அனுமதி வேண்டும்?

முதலில் காணி யாருடையது என்பது தெளிவாக வேண்டும். கட்டட அனுமதிக்கு மாநகர சபை, நகர அபிவிருத்தி அதிகார சபை. பாதுகாக்கப்பட்ட தொல்பொருட் சின்னமாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்ட கட்டடமென்றால், 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டத்தின்படி தொல்பொருள் திணைக்களத்தின் அனுமதியின்றிக் கை வைக்க முடியாது.

பயன்படுத்துவதே பாதுகாப்புக்கு எதிரானது என்று சிலர் நினைக்கிறார்கள். பழஞ்சின்னங்களைப் பாதுகாப்பது பற்றிய சர்வதேச ஆவணமான 1964ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனமே சமூகத்துக்குப் பயனுள்ள வேலைக்குச் சின்னங்களைப் பயன்படுத்துவது அவற்றைக் காக்க உதவும் என்று ஏற்கிறது; கட்டடத்தின் அமைப்பையும் அலங்காரத்தையும் மாற்றக் கூடாது என்பதுதான் அதன் நிபந்தனை. அந்த வரம்பு எனக்கு முழுச் சம்மதம்.

காசு?

ஒரேயடியாக முழுவதையும் செய்ய நினைத்தால் ஒருபோதும் தொடங்க முடியாது. முதல் வேலை மரவேர்களை அகற்றி, சுவர்களுக்கு முண்டு கொடுத்து, சுவர்த்தலைகளைச் சுண்ணாம்பால் மூடி, நீர் வடிய வழி செய்வது. இதற்குப் பெருந்தொகை தேவையில்லை. அடுத்து ஒரு பகுதிக்குக் கூரை போட்டுத் திறந்தால், அதன் வாடகையும் சனத்தின் நம்பிக்கையும் அடுத்த பகுதிக்கு வழிவிடும். குத்தகை எழுதும்போது பராமரிப்புக்கென ஒரு பங்கைத் தனிக் கணக்கில் போடும்படி எழுத வேண்டும், இல்லாவிட்டால் வாடகை வேறெங்கோ போய்விடும். வெளிநாட்டிலுள்ள எங்கள் ஆட்கள் உதவ வருவார்கள், சந்தேகமில்லை. அவர்களிடம் வரைபடமும் கணக்கும் காட்டிக் கேட்க வேண்டும்.

எனக்குச் சொந்தமாக நகரத்தில் ஒரு பழைய கட்டடம் இருக்கிறது. நான் எங்கே தொடங்குவது?

முதலில் படம் எடுங்கள். எல்லா அறையும், எல்லாச் சுவரும், வெடிப்புகளுக்குப் பக்கத்தில் அளவுகோல் வைத்து. ஓட்டில் வெடித்ததை மாற்றி, பீலியைத் துப்புரவாக்கி, சுவரோரம் தண்ணீர் தேங்காமல் வாய்க்கால் வெட்டுங்கள். சுவரில் முளைத்த ஆல், அரசுக் கன்றுகளை இழுத்துப் பிடுங்கவேண்டாம், கல்லும் சேர்ந்து வரும். அடியோடு வெட்டி, வேர் செத்த பிறகு மெதுவாக எடுத்து, அந்த இடைவெளியைச் சுண்ணாம்புச் சாந்தால் நிரப்புங்கள். பழைய கதவு, யன்னல், பிணைச்சல்களை யார் விலை கேட்டாலும் விற்காதீர்கள். இவ்வளவையும் ஐப்பசி மழைக்கு முன் முடித்துவிட்டால், மற்றதை யோசிக்க உங்களுக்கு ஒரு வருடம் கிடைக்கும்.